ஏழையும் எட்டையும்

அந்த டிஸ்க்கை மாற்றியதிலிருந்துதான் சனி பிடித்தது என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொன்னார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் பழம் தலையில் விழுந்தவன் அண்ணாந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது காக்கைதானே. இந்தக் கதையில் அந்தக் காக்கைக்கு மாப்பிள்ளை என்று பெயர்.

மாப்பிள்ளை என்பது உறவாகத் தொடங்கிப் பட்டப்பெயராக முடிந்தது. கம்பெனியில் எல்லோரும் சீனியர் என்று கூப்பிடுகிறவரின் தங்கை புருஷன் அவன். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். பக்கத்திலேயே பெரிய கடை ஒன்று வந்ததும் ஈ ஓட்டினான், பிறகு ஈயும் வருவதை நிறுத்திக்கொண்டது. "உன்கூட வச்சுக்கோண்ணா, கை சுத்தமான மனுஷன்" என்று தங்கை கேட்டாள். சீனியர் தான் வேலை பார்க்கிற கம்பெனியிலேயே சேர்த்துவிட்டார். முதல் நாள் "இவர் நம்ம மாப்ள" என்று அறிமுகம் செய்து வைத்ததுதான் அவர் செய்த தப்பு. சாயங்காலத்துக்குள் வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளையாகிவிட்டான். ஒரு கல்யாணத்தில் இத்தனை மாமனார் வீடு கிடைத்தவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான்.

கம்பெனிக்கு வேலை, ஊரில் உள்ள பெரிய ஆபீஸ்களின் கம்ப்யூட்டர் விவரங்களைச் சேர்த்துவைக்கிற பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது. சீனியர் அதில் புலி. பெட்டியை நேரில் பார்க்காமலே, போனிலேயே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று பெயர் வாங்கியிருந்தார். பெயர் நல்ல பெயர்தான், ஆனால் அது கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது. ஒரு விஷயத்தை இரண்டாவது தடவை கேட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மாப்பிள்ளையோ எதையும் இரண்டு தடவை கேட்கிற ஜாதி. "சிவப்பு ஒயரா மச்சான்? சிவப்புதானே மச்சான்?" என்பான். தங்கை புருஷனை வாடா போடா என்று பேச முடியாது. அதனால் சீனியர் அவனை மரியாதையாகவே திட்டுவார். "உங்களுக்கு ஒரு தடவ சொன்னா ஏறாதா மாப்ள? இனிமே எதையும் ரெண்டாவது தடவ கேக்காதீங்க, சொல்லிட்டேன்." போன வாரம்தான் நாலு பேர் முன்னால் இப்படிச் சொன்னார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே தலையாட்டினான். அவன் ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டால் அப்படியே கடைப்பிடிப்பான் என்பதை அவர் யோசிக்கவில்லை.

மாப்பிள்ளைக்கு வேலை ஆஸ்பத்திரியில். அங்கே எடுக்கிற ஸ்கேன் படங்கள் எல்லாம் ஒரே பெட்டியில் போய்ச் சேரும். ஆள் உயர இரும்பு அலமாரியில் செருகிய பெட்டி அது. முன்பக்கம் வரிசையாக டிஸ்க்குகள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு பொட்டு விளக்கு. ஒரு டிஸ்க் செத்தால் மற்றவை சேர்ந்து அதன் பங்கையும் சமாளித்துவிடும். இரண்டு ஒன்றாகப் போனால் மொத்தக் குடும்பமும் படுத்துவிடும். பெட்டியின் மூளையிலிருந்து ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இரண்டு பாதை உண்டு, வீட்டுக்கு வாசலும் கொல்லைப்புறமும் போல. வாசல் அடைத்துக்கொண்டால் கொல்லைப்புறமாகப் போய் வரலாம். ஆபத்து ஒன்றும் இல்லை, சுற்றிக்கொண்டு போகிற தாமதம்தான்.

ஏழாம் நம்பர் டிஸ்க் செத்துப்போனது, மாப்பிள்ளை முறைப்படி புதுசு போட்டான். புதுசும் மற்ற டிஸ்க்குகளிடம் கேட்டுத் தன் பங்கை எழுதி வாங்கிக்கொண்டு குடும்பத்தில் ஒன்றாகிவிட்டது. ஆனால் மறுநாள் காலையிலிருந்து மாப்பிள்ளையின் திரையில் ஒரு மஞ்சள் வரி வந்து வந்து போனது. ஏழுக்கு ஒரு பாதையைக் காணவில்லை என்றது. பெட்டி காணாமல் போன பாதையைத் தட்டிப் பார்த்து, பதில் வராமல், மறு பாதைக்குத் திரும்பும். அது திரும்புகிற நேரமெல்லாம் டாக்டர்களின் திரையில் படம் பாதி வந்து நின்றது.

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவு மேலாளர் அம்மா மாப்பிள்ளையின் மேசைக்கே வந்து நின்றுகொண்டார். "நேத்து நீங்க கை வைக்கிற வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

"புது டிஸ்க்குதான் மேடம். நல்ல டிஸ்க்குதான்."

"நல்ல டிஸ்க்குன்னா ஏன் வழி தெரியாம நிக்குது?"

மாப்பிள்ளை மஞ்சள் வரியை இன்னொரு தடவை பார்த்தான். சீனியருக்குப் போன் போட்டான்.

சீனியர் அப்போது ஊரின் மறுகோடியில் வேறொரு ஆபீஸில் இருந்தார். ஒரு காதில் போன், இன்னொரு காதில் அந்த ஆபீஸ்காரரின் புலம்பல். மாப்பிள்ளை சொன்னதைக் கேட்டதுமே அவருக்கு வழி தெரிந்துவிட்டது. பாதைக் கோளாறு என்றால் முதலில் தெரியவேண்டியது, குற்றம் டிஸ்க்கின் மேலா, அது உட்கார்ந்திருக்கிற பொந்தின் மேலா என்பதுதான். பக்கத்துப் பொந்தில் இருக்கிற டிஸ்க்கோடு இடம் மாற்றி வைத்துப் பார்த்தால் போதும். கோளாறு டிஸ்க்கோடு கூடப் போனால் டிஸ்க்கின் குற்றம், இருந்த இடத்திலேயே நின்றால் பெட்டியின் குற்றம். சண்டை போடுகிற இரண்டு பிள்ளைகளை வகுப்பில் இடம் மாற்றி உட்காரவைக்கிற வாத்தியாருக்கு இருக்கிற அறிவு இதற்குப் போதும்.

"மத்தியானம் டாக்டருங்க சாப்பிடப் போற நேரத்துல பெட்டியை நிறுத்த விடுவாங்களா?"

"மேடம் ஒரு மணி நேரம் தர்றேன்னாங்க மச்சான்."

"போதும். பெட்டியை முழுசா அணைச்சிருங்க. ஏழையும் எட்டையும் மாத்திட்டு, ஆன் பண்ணிப் பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க."

மறுமுனையில் ஒரு தயக்கம். "மச்சான், ரெண்டையுமா…"

"ஆமா, ரெண்டையும்தான். ஒண்ணை மட்டும் எப்படி மாத்துவீங்க?"

"சரி மச்சான்."

சீனியர் போனை வைத்துவிட்டுப் புலம்பல்காரரின் பக்கம் திரும்பினார். சீனியர் சொன்னது முழுக்கச் சரி. ஒன்றை மட்டும் இடம் மாற்ற உலகத்தில் யாராலும் முடியாது. அதே வார்த்தைகளை மாப்பிள்ளையின் காதில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். செல்போன் கடைக்காரனுக்கு மாற்றுவது என்றால் என்ன? டிஸ்ப்ளே மாற்றுவது, பேட்டரி மாற்றுவது. பழசைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போடுவது. நேற்று ஏழை மாற்றினான். இன்றைக்கு ஏழையும் எட்டையும் மாற்றச் சொல்கிறார். ஒன்றை மட்டும் மாற்றினால் பத்தாது என்கிறார். எட்டும் சீக்கிரம் சாகப்போகிறது போலிருக்கிறது, மச்சான் அதைப் போனிலேயே கண்டுபிடித்துவிட்டாரே என்று மாப்பிள்ளை வியந்துபோனான். இன்னொரு தடவை கேட்டிருப்பான். கேட்கக்கூடாது என்று உத்தரவு இருந்தது.

உதிரிச் சாமான் வைக்கிற அலமாரியில் புது டிஸ்க் மூன்று இருந்தன. இரண்டை எடுத்தான். பெட்டியை ஒழுங்காக நிறுத்தினான், ஏழையும் எட்டையும் கழற்றினான், புதுசு இரண்டையும் செருகினான். கழற்றியதை என்ன செய்வது என்பதற்கு ஆஸ்பத்திரியில் சட்டம் இருந்தது. நோயாளிகளின் படம் இருந்த டிஸ்க் எதுவும் முழு உருவத்தோடு அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாது. கழற்றியதும் அந்த அறையின் வாசலோரம் இருக்கிற நீலத் தட்டில் போடவேண்டும். மத்தியானம் டிராலிக்காரர் வந்து அள்ளிக்கொண்டு போய்க் கீழ்த்தளத்தில் இருக்கிற நசுக்கு மெஷினில் கொடுத்துவிடுவார். மாப்பிள்ளை சட்டப்படி இரண்டையும் நீலத் தட்டில் வைத்தான். அவனிடம் எதிலும் குறை சொல்ல முடியாது என்பதுதான் இந்தக் கதையில் பெரிய வயிற்றெரிச்சல்.

பெட்டியை ஆன் செய்தான். விளக்குகள் எல்லாம் எரிந்தன. படங்கள் மட்டும் வரவில்லை.

"மாத்திட்டேன் மச்சான்," என்று போனில் சொன்னான். குரல் உள்ளே போயிருந்தது. "ஆனா ஒண்ணுமே எழுந்திரிக்கல. படமே இல்லைங்குது."

"ரெண்டையும் சரியா மாத்தினீங்களா?"

"சரியாத்தான் மாத்தினேன்."

இடம் மாறியதில் பெட்டிக்குத் தலை சுற்றுகிறது, நேரில் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்துகொள்ளும் என்று நினைத்தார் சீனியர். எதையும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். சிக்னல் ஒவ்வொன்றிலும் நின்று, சபித்து, ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தபோது மேலாளர் அம்மா கொடுத்த ஒரு மணி நேரம் முடிந்துபோயிருந்தது. ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் சனங்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே டாக்டர்கள் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் அலமாரியைத் திறந்து பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. ஏழிலும் எட்டிலும் தூசி படாத இரண்டு புது முகங்கள்.

இங்கே ஒரு நிமிஷம் நிற்கவேண்டும். இந்த இடத்தில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: கழற்றிய பழசு இரண்டும் எங்கே? ஏனென்றால் அவை இரண்டும் நல்ல டிஸ்க்குகள். எட்டுக்கு ஒரு தலைவலிகூட இல்லை, ஏழுக்கு ஒரு பாதை தெரியவில்லை, அவ்வளவுதான். பெட்டியை நிறுத்தி அவற்றைப் பழைய பொந்தில் செருகினால் காலையில் இருந்த குடும்பம் அப்படியே எழுந்து உட்கார்ந்துவிடும். தொழிலில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும் இது. சீனியருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அறிவு வாயைத் தாண்டிப் போக வழி இல்லாத நேரங்கள் உண்டு.

மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

"யாரு உங்களைப் புதுசு போடச் சொன்னா?"

"நீங்கதானே மச்சான் மாத்தச் சொன்னீங்க."

"நான் மாத்தத்தான் சொன்னேன். புதுசு போடச் சொன்னேனா?"

"மாத்துறதுன்னா புதுசு போடுறதுதானே? நேத்தும் மாத்துங்கன்னுதான் சொன்னீங்க, புதுசுதான் போட்டேன்."

"நேத்து மாத்துன்னது வேற. இன்னைக்கு மாத்துன்னது வேற. ஏழை எட்டுல போடு, எட்டை ஏழுல போடுன்னு அர்த்தம். சின்னப் பிள்ளைக்குத் தெரியும்!"

"நான் ரெண்டையுமான்னு கேட்டேனே மச்சான். ஒண்ணை மட்டும் எப்படி மாத்துவீங்கன்னீங்களே."

"அதைத்தான் சொல்றேன்! ஒண்ணை மட்டும் எப்படி மாத்த முடியும்?"

வராந்தாவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டி செத்துக்கிடக்க, இரண்டு தமிழ் வாத்தியார்கள் ஒரு வினைச்சொல்லை வைத்துக்கொண்டு பட்டிமன்றம் நடத்துவதுபோல் இருந்தது. கோபத்தில் சீனியர் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சார், கொஞ்சம் வழி விடுங்க," என்றது ஒரு குரல்.

டிராலிக்காரர். சீனியர் சுவரோரம் ஒதுங்கினார். டிராலி அவர் வயிற்றை உரசிக்கொண்டு போனது. அதில் உடைந்த கீபோர்டு ஒன்று, ஒயர்ச் சுருள் ஒன்று, நீலத் தட்டில் இரண்டு டிஸ்க். அவர் கண் அதைப் பார்த்தது. பார்த்தது என்று பிற்பாடு ஆயிரம் தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தலைகுனிந்து நின்ற மாப்பிள்ளை பார்க்கவில்லை. டிராலி லிப்ட் பக்கம் திரும்பியதும் சீனியர் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்.

"ஒரு வார்த்தை புரியலைன்னா கேக்கவேண்டியதுதானே?"

"கேக்காதீங்கன்னு நீங்கதான் மச்சான்…" என்று மாப்பிள்ளை ஆரம்பித்தான். முடிக்கவில்லை.

அவன் நிறுத்திய இடத்தில்தான் சீனியருக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது. மூச்சோடு புத்தியும் வந்தது.

"பழசு எங்க?"

"நீலத் தட்டுல வச்சேன்."

இருவரும் ஓடினார்கள். லிப்ட் கீழே போயிருந்தது. படிக்கட்டில் இறங்கினார்கள். நடுப்படியில் சீனியரின் கால் புரண்டது, மாப்பிள்ளை தோளைக் கொடுத்துத் தாங்கினான். கீழ்த்தளக் கதவுக்கு வெளியிலேயே மெஷின் சத்தம் கேட்டது. உள்ளே போனபோது டிராலிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தொட்டிக்குள் ஏழும் எட்டும் நடுவில் மடங்கிக் கிடந்தன. ஒன்றின் உள்ளிருந்து கண்ணாடி மாதிரி பளபளவென்று ஏதோ எட்டிப் பார்த்தது.

"என்ன சார் ஆச்சு?" என்று டிராலிக்காரர் இருவர் முகத்தையும் பார்த்து மிரண்டார். "நீங்கதானே சார் வழி விட்டீங்க?"

அந்த மனிதர் குற்றமாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னார். ஆனாலும் சீனியருக்கு யாரோ பளாரென்று அறைந்ததுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை படங்களுக்கெல்லாம் ஒரு நகல் வேறு கட்டடத்துக்குப் போகும். அன்று வியாழன். திங்களிலிருந்து எடுத்த படங்கள் போனது போனதுதான். யாருடைய உயிரும் போகவில்லை. ஆனால் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போன அத்தனை பேரையும் போனில் கூப்பிட்டு, திரும்ப வாருங்கள் என்று சொல்லவேண்டியிருந்தது. அசையாமல் படுக்கத் தெரியாது என்று மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுத்த ஒரு குழந்தைக்கு மறுபடியும் மயக்க மருந்து கொடுத்தார்கள். அந்தக் குழந்தையின் அப்பா மேலாளர் அம்மாவின் அறைக்கு வந்து கத்தவில்லை. "ஏன்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாராம்.

அந்த "ஏன்"தான் விசாரணையாக வந்தது. மேலாளர் அம்மாவின் கண்ணாடி அறையில் அவரும் கம்பெனி முதலாளியும் ஒரு பக்கம், சீனியரும் மாப்பிள்ளையும் எதிர்ப்பக்கம். கேள்வியெல்லாம் சுருக்கம்தான். முதலாளி சீனியரைப் பார்த்துக் கேட்டார்.

"போன்ல நீங்க என்ன சொன்னீங்க? சொன்னபடியே சொல்லுங்க."

சொன்னபடியே சொல்வது என்றால் 'ஏழையும் எட்டையும் மாத்திட்டு' என்று சொல்லவேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கிற இரண்டு பேரும் நன்றாகத் தமிழ் பேசுகிறவர்கள். அதைக் கேட்ட உடனே அவர்களுக்கே புரிந்திருக்கும். 'ஓகோ, இப்படியும் எடுத்துக்கலாம், அப்படியும் எடுத்துக்கலாம்' என்றிருப்பார்கள். இரண்டு பேருக்கும் பாதிப் பாதியாகப் போயிருக்கும் பழி. சீனியர் வாயைத் திறந்தபோது அப்படித்தான் சொல்லப்போகிறோம் என்று நினைத்தார்.

"ஏழையும் எட்டையும் இடம் மாத்தச் சொன்னேன்," என்றார்.

இடம். மூன்றே எழுத்து. போனில் இல்லாத மூன்று எழுத்து. சொல்லி முடித்த பிறகுதான் அது அங்கே உட்கார்ந்திருப்பதை அவரே பார்த்தார். பொய் சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை என்று மனசு உடனே வக்கீல் வைத்துக்கொண்டது. நான் நினைத்தது இடம் மாற்றத்தைத்தானே, நினைத்ததைத்தானே சொன்னேன் என்று வாதாடியது. ஆனால் திருத்துவதற்கு நேரம் இருந்தது. முதலாளி பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார், மேலாளர் அம்மா தண்ணீர் குடித்தார். அந்த நேரம் முழுக்க சீனியர் சும்மா இருந்தார்.

மாப்பிள்ளை திரும்பி அவரைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த வார்த்தை போனில் வந்ததா, தனக்குத்தான் காதில் விழவில்லையா என்று நிஜமாகவே யோசிக்கிற முகம். கொஞ்ச நேரத்தில் அந்த முகத்தில் யோசனை நின்றுபோனது. அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

"அவர் அப்படித்தான் சொன்னாரா?" என்று முதலாளி அவனைக் கேட்டார்.

"ஆமா சார். நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

அவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் ஒருவன் தப்பு செய்தான் என்றால் அவனை வேலையில் வைத்துக்கொள்ள முடியுமா? அந்த வாரமே அனுப்பிவிட்டார்கள். சீனியரின் முகத்துக்காக நல்லபடியாக அனுப்பினார்கள். அவருக்கு அனுதாபம் வேறு கிடைத்தது. "சொந்தக்காரனை வேலைக்கு வச்சா இதுதான் சார்," என்று ஆபீஸில் நாலு பேர் வந்து ஆறுதல் சொன்னார்கள். அவர் அந்த ஆறுதலையும் வாங்கிக்கொண்டார்.

பெட்டிக்குப் புது டிஸ்க்குகள் போட்டு, நகலிலிருந்து பழைய படங்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சேர்த்த பிறகு பார்த்தால் மஞ்சள் வரி மறுபடியும் வந்தது. ஏழுக்கு ஒரு பாதையைக் காணவில்லை. இந்த முறை சீனியர் நேரில் இருந்தார். அலமாரியின் பின்பக்கம் போய் மண்டியிட்டு, டார்ச் அடித்து, ஒயர் ஒயராகத் தடவிப் பார்த்தார். மேலிருந்து ஏழாம் பொந்துக்கு வருகிற தடித்த கேபிள் ஒன்று முக்கால்வாசிதான் உட்கார்ந்திருந்தது. ஏசி ரிப்பேருக்கு வந்தவர்கள் அலமாரியை நகர்த்தினார்களாம், எந்த மாதமோ, யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்தது நாளாக ஆகத் தளர்ந்துபோயிருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. மஞ்சள் வரி போய்விட்டது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். டிஸ்க் மாற்றியதற்கும் பாதை போனதற்கும் சம்பந்தமே இல்லை. அன்றைக்குப் போனில் "பின்னாடி கேபிளை அழுத்திப் பாருங்க மாப்ள" என்று சொல்லியிருந்தால் மாப்பிள்ளை இரண்டு தடவை கேட்டுவிட்டு அழுத்தியிருப்பான். சீனியர் அலமாரிக்குப் பின்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சூடான காற்று முகத்தில் அடித்தது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, தூசி என்று மேலாளர் அம்மாவிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு நாள் தள்ளிக்கொண்டே போனது. போய்ச் சொல்லிவிடவேண்டும் என்று காலையில் தோன்றும், சாயங்காலத்துக்குள் ஏதாவது காரணம் கிடைக்கும். தங்கை போன் செய்தால், மீட்டிங் என்பார். கடைசியில் முதலாளியிடமே முதலில் சொன்னார். 'இடம்' என்ற வார்த்தையைத் தான் சேர்த்துக்கொண்டதைச் சொன்னார். முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இதை அன்னைக்குச் சொல்லியிருக்கணும். இப்ப அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சே," என்றார். பிறகு வேறு ஒரு ஆஸ்பத்திரி வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

அன்று சாயங்காலம் சீனியர் தங்கை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை ஒரு கிடங்கில் பெட்டிகளை எண்ணி ஏற்றுகிற வேலைக்குப் போயிருந்தான், வர நேரமாகும். தங்கை கொடியிலிருந்து எடுத்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வா வா. பெரிய மனுஷன், வழி தெரிஞ்சுதா?" என்று கிண்டலாகச் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கு உன் மூஞ்சியில முழிக்கவே வெக்கமா இருந்துச்சுண்ணா. இந்த மனுஷன் உன் பேரை இப்படிக் கெடுத்துட்டாரே."

"அவர் உன்கிட்ட என்ன சொன்னாரு?"

"என்ன சொல்வாரு? தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னாரு. அதுக்கு மேல வாயே திறக்கல."

சீனியர் நின்றுகொண்டே சொன்னார். போனில் சொன்னது, அறையில் சொன்னது, நடுவில் சேர்ந்த அந்த ஒரு வார்த்தை, பின்பக்கத்துக் கேபிள், எல்லாவற்றையும் சொன்னார். தங்கை பாதி மடித்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். அவள் அழவில்லை, அழுதிருந்தால் அவருக்குச் சமாதானம் சொல்லவாவது ஒரு வேலை இருந்திருக்கும்.

"நீ அன்னைக்கு உள்ளபடியே சொல்லியிருந்தா, உன்னை வேலையை விட்டுத் தூக்கியிருப்பாங்களா?" என்று கேட்டாள்.

இனியாவது நிஜத்தைச் சொல்லவேண்டும் என்பதால் சீனியர் யோசித்துப் பார்த்துச் சொன்னார். "இல்ல."

"பின்ன?"

"திட்டியிருப்பாங்க."

"அவரை?"

"அவரையும் திட்டியிருப்பாங்க. ரெண்டு பேரையும் திட்டிட்டு விட்டிருப்பாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் சட்டையைக் கட்டிலில் வைத்தாள். "நான் அவரை என்னென்ன சொன்னேன் தெரியுமாண்ணா? எங்க அண்ணன் போட்ட சோத்துல மண்ணைப் போட்டீங்களேன்னேன். எங்க அண்ணன் ஒரு தடவ சொன்னா கல்லுக்குக்கூடப் புரியும்னேன். தினமும் சொன்னேன். பிள்ளைங்க முன்னாடி சொன்னேன். அவரு எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லல. நேத்து ராத்திரிகூட…"

சீனியர் "இங்க பாரும்மா" என்று கூப்பிட்டு அவள் தோளில் கை வைக்கப் போனார். அவள் நகர்ந்துகொண்டாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை உள்ளே வந்தான். நெற்றியில் அட்டைப் பெட்டித் தூசி ஒட்டியிருந்தது. மச்சானைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதில் நடிப்பு ஒன்றும் இல்லை, நடிக்கத் தெரிந்தவனாக இருந்தால் இன்றைக்கும் ஆஸ்பத்திரியில்தான் இருந்திருப்பான்.

"வாங்க மச்சான், எப்ப வந்தீங்க? கால் வலி எப்படி இருக்கு? அன்னைக்குப் படியில புரண்டதே." பதிலுக்குக் காத்திராமல் மனைவியிடம் திரும்பினான். "மச்சானுக்குச் சாப்பாடு எடுத்து வை. சேர்ந்து சாப்பிடுறோம்."

தங்கை எழுந்து போய் அவன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். தன் முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்தாள். அவன் ஒன்றும் புரியாமல் கூச்சத்தோடு அண்ணனையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீங்க உக்காருங்க, உங்களுக்குப் போடுறேன்," என்றாள். "அண்ணன் கிளம்பிட்டாங்க."

சீனியர் கிளம்புவதாகச் சொல்லவே இல்லை. அவர் குனிந்து செருப்பைத் தேடினார்.